உடைக்காரி பதில்கள்: ரோபோவின் வெள்ளிக் கால்

வடசேரியில் மாறுவேட உடை தைத்து வாடகைக்குக் கொடுக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பாரதியார், வேலு நாச்சியார், மாதா, தேவதைச் சிறகு, இவைதான் அதிகம் போகும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விண்வெளிக்காரர்களைப் பற்றி. எனவே இந்தப் பக்கம் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: அக்கா, 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வெள்ளைக் கவச வீரன் உடையைச் செய்துகொண்டிருக்கிறேன். இடது தோளில் நீல நிறத்தில் ஒரு மீன் வரைய ஆசை. அப்பா கடலுக்குப் போகிறவர். என் கூட்டாளி, ‘திரையில் இல்லாத ஒரு கோடு விழுந்தாலும் அது அந்த உடையே இல்லை’ என்கிறான். வரையலாமா, கூடாதா?
– கல்லூரி மாணவர், குளச்சல்

பதில்: தம்பி, மீன் வரையத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கவசத்தில் வேண்டாம்.

அந்த வெள்ளை வீரர்களை நினைத்துப் பார். முகம் தெரியாது, பெயர் தெரியாது. வரிசையாக நின்றால் யார் எவரென்று சொல்ல முடியாது. பார்க்கிறவர் வயிற்றைக் கலக்குவதே அதுதான். அதில் ஒருவன் தோளில் மீன் வந்துவிட்டால் அவனுக்கு ஓர் ஊரும் அப்பாவும் வந்துவிடுவார்கள். அழகுதான், ஆனால் அது வேறு கதை. அதே படவரிசையில் மாண்டலோரியர் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் கவசத்தில் குலச் சின்னம் இருக்கும், அவரவர் நிறம் இருக்கும், பட்ட அடியின் தழும்பும் இருக்கும். உன் மீனுக்கு அந்தத் தோள்தான் பொருந்தும்.

இந்த உடைகளைச் செய்து அணிகிறவர்களின் அமைப்புகளும் இந்தக் கணக்கில்தான் போகின்றன. 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய 501வது லீஜனில் சேர வேண்டுமானால் ஒவ்வொரு உடைக்கும் எழுதிவைத்த அளவு இருக்கிறது. இடது முழங்காலில் மட்டும் வரும் அந்தத் தனித் தகடு வரை பார்ப்பார்கள். மாண்டலோரியன் மெர்க்ஸ் என்ற அமைப்பில் சொந்த வடிவமைப்பையே ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் ‘திரையில் இருப்பதுதான் சரி’ என்று உன் கூட்டாளி அடித்துச் சொல்கிறானே, அதில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. எந்தத் திரை? பத்து வருஷம் முன்பு ஒரு பையன் ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் சட்டை கேட்டான், 1966இல் தொடங்கிய அந்தப் பழைய தொடர். போனில் படத்தைப் பார்த்து, டியூப் லைட் வெளிச்சத்தில் துணி எடுத்து, நல்ல கடுகு மஞ்சளில் தைத்துக் கொடுத்தேன். பிறகுதான் படித்தேன், அந்தச் சட்டைத் துணி உண்மையில் பச்சையாம். செட்டில் போட்ட விளக்கும் அன்றைய ஃபிலிமும் சேர்ந்து அதைப் பொன்னிறமாகக் காட்டியிருக்கின்றன. அன்று இரவே மங்கின பச்சையில் ஒரு துண்டு வெட்டிக் குண்டு பல்புக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். முழுசாக மாறவில்லை, ஆனாலும் பச்சை தளர்ந்து மஞ்சள் பக்கம் சாய்ந்தது. எனக்குத் தூக்கமே வரவில்லை. பையன் பச்சையில் போட்டு வந்தால் எல்லோரும் ‘தப்பு’ என்பார்கள், ஆனால் துணியைத் தொட்டு வளர்ந்த நான் அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வேன்?

இன்னொன்று. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துப் பொன்நிற ரோபோ சி-த்ரீபிஓவுக்கு 1977 படத்தில் வலது காலில் முழங்காலுக்குக் கீழே வெள்ளி நிறம். பக்கத்தில் உள்ள தங்கமும் பாலைவன மணலும் அதில் பிரதிபலிப்பதால் நிறையப் பேர் கவனித்ததே இல்லை. அதே படவரிசையின் கறுப்பு உடை வில்லன் டார்த் வேடரின் பழைய முகமூடி கையால் செதுக்கியது, இடமும் வலமும் ஒன்றுபோல இருக்காது. 2005இல் வந்த படத்துக்கு அதைக் கணினியில் சமமாக்கினார்கள். இரண்டும் திரையில் வந்தவைதான். ஆகவே கூட்டாளியிடம் சொல்: எந்த வருஷத்துப் படம், எந்தக் காட்சி என்று முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அப்புறம் அதில் ஒரு நூல் பிசகாமல் செய்.

என் யோசனை, முதல் உடையை அச்சு அசலாகவே செய். ஒப்பிட ஒன்று கண்முன்னால் இருந்தால்தான் கை திருந்தும். சொந்த வடிவமைப்பில் கோணல் வந்தால் ‘அப்படித்தான் நினைத்தேன்’ என்று நமக்கே சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஆனால் உள்ளே மட்டும் நம் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள். கறுப்பு உள்ளுடையைப் பருத்தியில் தை. ஹெல்மெட்டுக்குள் கம்ப்யூட்டர் விசிறி ஒன்று வை. கவசத்தின் அக்குள் பக்கம் அரை அங்குலம் கூடுதலாக விடு. குளச்சல் வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்கிறவன் நீதான்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு மகளுக்கு வெள்ளிக்கிழமை மாறுவேடப் போட்டி. ரோபோ வேண்டுமாம். சினிமாவில் வருவதுபோல நான்கு நாளில் முடியுமா அக்கா?
– இல்லத்தரசி, தக்கலை

பதில்: சினிமா ரோபோ வேண்டாம்மா. அட்டைப்பெட்டி, அலுமினியத் தாள், பழைய ரிமோட் பட்டன்கள் போதும். அந்த ரோபோவுக்குப் பெயரும் வேலையும் அவளே சொல்லட்டும், மேடையில் பேசவும் வசனம் கிடைத்துவிடும். தலையில் பெட்டி கவிழ்க்காதீர்கள். படி தெரியாமல் விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நெற்றிப்பட்டையும் முகத்தில் கொஞ்சம் சாயமும் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ரப்பர்த் தோட்டம் உண்டு. அந்தப் பாலிலேயே 1979 ‘ஏலியன்’ படத்து ஜந்துவின் முகமூடி செய்ய முடியுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: சிரட்டையில் வடிகிற பாலை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். சில மணி நேரத்தில் தானாகவே உறைந்துவிடும். அம்மோனியா சேர்த்து, இயந்திரத்தில் செறிவாக்கிய 60 சதவீதப் பால் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். களிமண்ணில் முகம் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுங்கள். அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு பாலை ஊற்றுங்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சச் சுவரோடு தோல் படியும். வேண்டிய கனம் வந்ததும் மீதிப் பாலைக் கவிழ்த்து எடுத்துவிடலாம். பிரிக்கும்போது உள்ளே டால்கம் பவுடர் தூவாவிட்டால் ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அம்மோனியா கண்ணைக் கரிக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடு போட வேண்டாம், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

சரி, அந்த ஜந்துவையே செய்யலாமா? வேண்டாம் என்பேன். அந்த உடைக்குள் இருந்தவர் ஏழடியை நெருங்கும் ஒல்லியான மனிதர். பயமே அந்த நீளத்தில்தான் இருக்கிறது. முகத்தை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் ஐந்தரை அடி உடம்பில் அது நிற்காது. உங்கள் உடம்புக்கு என்ன ஜந்து வரும் என்று யோசியுங்கள். பால் வெட்டின பட்டையில் விழும் அந்தச் சாய்ந்த கோடுகளையே அதன் தோலுக்குக் கொடுத்துப் பாருங்களேன்.

கேள்வி: சொந்தமாக வடிவமைத்த கவசம் பொம்மைக் கடைப் பொருள் போலப் பளபளக்கிறது. பழசாக எப்படிக் காட்டுவது?
– மாணவி, கன்னியாகுமரி

பதில்: ஒரு காலைப்பொழுது சின்னமுட்டம் துறைமுகத்துக்குப் போய்ப் படகுகளைப் பார் மக்களே. துரு ஆணியில் தொடங்கிக் கீழ்நோக்கி ஒழுகும், பக்கவாட்டில் போகாது. கயிறு உரசுகிற இடத்தில் மட்டும் சாயம் போயிருக்கும், அதற்கடியில் போன வருஷத்து நிறம் தெரியும். உன் வீரன் எந்தப் பக்கம் துப்பாக்கி மாட்டுகிறான், எதில் சாய்ந்து தூங்குகிறான் என்று முடிவு செய். அந்த இடங்களில் மட்டும் தேய்மானம் வேண்டும்.

செய்முறை இது. முதலில் வெள்ளி நிற ஸ்ப்ரே அடித்துக் காயவிடு. தேய வேண்டிய இடங்களைத் தண்ணீரில் நனைத்துப் புத்தளம் கல்லுப்பைத் தூவு. உப்பு காய்ந்து ஒட்டினதும் மேலே உன் நிறத்தை அடி. மறுநாள் உப்பை விரலால் தேய்த்து உதிர்த்துவிடு.