புழுவெட்டுச் சிகிச்சையில் முடி திரும்புமா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

தொண்டியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியில் படிக்கும் மகனுக்குப் புழுவெட்டு தலையின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது, தோல் மருத்துவர் விலை கூடிய மாத்திரை ஒன்றைத் தொடங்கலாம் என்கிறார், பலன் இருக்குமா என்பதை இப்போதே அறிய வழியுண்டா என்று கேட்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. மண்டபத்தில் இதே நோயோடு வாழும் தங்கையை ஆறு ஆண்டுகளாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வருகிறேன்.

உங்கள் மகனுக்கு மட்டும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆனால் வாய்ப்பு மிகுதியா குறைவா என்பதைச் சில அடையாளங்களைக் கொண்டு ஓரளவு மதிப்பிடலாம். அவற்றுள் நம் கையில் இருப்பது காலம் ஒன்றுதான்.

நாங்கள் இழந்தது அந்தக் காலத்தைத்தான். எங்கள் கடற்கரையில் முடி கொட்டினால் முதலில் பழி விழுவது ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர் மீது. ஆகவே காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குடங்களில் பிடித்துவைத்து அவள் தலைக்கு மட்டும் ஊற்றினோம். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தோம். இரண்டு ஆண்டுகள் போயின. புழுவும் இல்லை, உப்பும் காரணமில்லை. உடலைக் காக்க வேண்டிய டி வகை வெள்ளணுக்களே முடியின் வேரைச் சூழ்ந்து தாக்குகின்றன என்பதைப் பிறகுதான் அறிந்தோம். வேர் அழிவதில்லை, உறங்குகிறது. ஆண்டுகள் கழிந்தும் சிலருக்கு முடி திரும்புவது அதனால்தான்.

வெங்காயத்தின் மீது ஊரார் வைத்திருக்கும் நம்பிக்கைக்கும் காரணம் உண்டு. ஒன்றிரண்டு சிறு வட்டங்களோடு நிற்பவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் முடி தானாகவே வளர்ந்துவிடும். அந்த ஓராண்டில் எதைத் தேய்த்தார்களோ அதற்கே பெயர் போய்ச் சேர்கிறது. அத்தகையவரின் அனுபவத்தை உங்கள் மகனோடு ஒப்பிட வேண்டாம்.

மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்கள் இவை: எவ்வளவு பரப்பில் முடி இல்லை, இப்போதைய உதிர்வு தொடங்கி எத்தனை ஆண்டுகள், சிறு வயதிலேயே வந்ததா, பிடரியிலிருந்து காதோரமாகப் பாம்புபோல் வளைந்து செல்கிறதா, நகங்களில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் உள்ளனவா, ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை நோய்கள் உண்டா. இவை கூடக்கூட நோய் பிடிவாதமானது என்று கொள்கிறார்கள். பரப்பை 0 முதல் 100 வரையிலான 'சால்ட்' என்ற எண்ணால் குறிக்கிறார்கள். உச்சந்தலைக்கு 40, பின்தலைக்கு 24, இரு பக்கங்களுக்கும் தலா 18.

மாத்திரையைப் பொறுத்தவரை, 2022இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற பாரிசிடினிப் பற்றிய இரண்டு பெரிய ஆய்வுகள் நல்ல வழிகாட்டி. தலையில் பாதியோ அதற்கு மேலோ முடி இழந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் கொடுத்ததில், 36 வாரங்களில் நூற்றுக்கு 36 முதல் 39 பேர் 80 விழுக்காட்டுக்கும் குறையாத முடியைப் பெற்றார்கள்; வெற்று மாத்திரை உண்டவர்களில் அது 3 முதல் 6 பேர் மட்டுமே. முடி ஏறத்தாழ முழுவதும் போனவர்களைக் காட்டிலும் ஓரளவு எஞ்சியிருந்தவர்களுக்கும், இப்போதைய உதிர்வு தொடங்கி நான்கு ஆண்டுகளைத் தாண்டியவர்களைக் காட்டிலும் அதற்குட்பட்டவர்களுக்கும் பலன் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் முடியே வளராதவர்களைப் பொதுவாக அந்த ஆய்வுகளில் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்று மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். சிலருக்கு அரையாண்டு கடந்த பின்புதான் முளைவிடுகிறது. அதே நேரத்தில், மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு மீண்டும் உதிர்கிறது என்பதால் செலவை ஓராண்டோடு முடிவதாகக் கணக்கிட வேண்டாம். தொடங்குமுன் காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் கட்டாயம். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து இது. ரத்த உறைவு, தொற்று பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

முதல் நாளிலேயே அந்தச் 'சால்ட்' எண்ணை எழுதி வாங்கி, தலையை நான்கு பக்கமும் படமெடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. என் தங்கையின் நோட்டில் முதல் பக்கத்தில் 72 என்றிருக்கிறது, ஒன்பதாம் மாதத்தில் 18. இடது புருவம் மட்டும் இன்னும் முழுமையாக வரவில்லை.