டாட் காம் கிடைக்கவில்லை, டாட் இன் வாங்கலாமா?

கேள்வி: காசிமேட்டில் பரம்பரையாகக் கருவாடு விற்கிறோம். இப்போது பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்க ஆசை. நினைத்த பெயரில் டாட் காமை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். வெப்சைட் செய்து தரும் தம்பி, "டாட் எக்ஸ்ஒய்இசட் 99 ரூபாய்தான், அதை எடுங்க, டாட் இன் வெளிநாட்டில் திறக்காது" என்கிறார். எங்களுக்கு துபாயிலும் வாடிக்கை உண்டு. ஸ்டிக்கர் அடிக்கக் கொடுக்க வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள். (வாசகி, ராயபுரம்)

துபாய் என்ன, துருவத்தில் உட்கார்ந்து தட்டினாலும் திறக்கும். டாட் இன் என்பது இணைய முகவரியின் கடைசிப் பகுதியாக 1989இல் இந்தியாவுக்கென்று ஒதுக்கியது, அவ்வளவுதான். எங்கிருந்து பார்க்கலாம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்களுக்கு வரும் தபாலையே பாருங்கள். கதவு எண், தெரு, ராயபுரம், கடைசியில் 600013 என்று நாம் எழுதுகிறோம், ஆனால் தபாலைப் பிரிப்பவர் கண் முதலில் போவது அந்தக் கடைசி எண்ணுக்குத்தான்: 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம், 600 என்றால் சென்னை, 13 வந்தால் ராயபுரம். இணைய முகவரியையும் கம்ப்யூட்டர் இப்படிக் கடைசியிலிருந்துதான் படிக்கிறது. முதலில் எந்தக் கடைசிப் பகுதிக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல் வைத்திருக்கும் ரூட் சர்வரிடம் 'இன்' யார் பொறுப்பு என்று கேட்கும், பிறகு டாட் இன் சர்வரிடம் உங்கள் பெயரைச் சொல்லி விசாரிக்கும், கடைசியில் உங்கள் தளம் இருக்கும் மெஷினின் எண் கையில் கிடைக்கும். கரண்ட் பில் கட்டவில்லை என்று எஸ்எம்எஸ் வந்தால்கூட லிங்கின் முன்பகுதியில் இருக்கும் பெயரை நம்பாமல், தொடக்கத்து https://ஐ விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் எதில் முடிகிறது என்று பாருங்கள்.

டாட் காம் 1985லேயே வந்துவிட்டது. அதனால்தான் நல்ல பெயரெல்லாம் போய்விட்டது, மற்றபடி அதற்குத் தனி மவுசு எதுவும் கிடையாது. ஒரு சிக்கல் உண்டு: நம் ஆட்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் பழக்க தோஷத்தில் டாட் காம் என்றே தட்டுவார்கள். அந்த டாட் காமில் இப்போது என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். வேறொரு மீன் வியாபாரி என்றால் பெயரையே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஆர்டர் அங்கே போகும். சம்பந்தமில்லாத ஏதோ என்றால் டாட் இன் தாராளமாக எடுக்கலாம். 'டாட் கோ டாட் இன்' என்பதும் மோசமில்லை, போனில் சொல்ல நீளம். தமிழிலேயே 'டாட் இந்தியா'வும் உண்டு, ஆசையாக இருந்தால் கூடுதலாக வாங்கி வையுங்கள், ஆனால் அதையே முதல் முகவரியாக வைத்தால் மெயில் சில இடங்களில் மக்கர் செய்யும். 99 ரூபாய் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை, அது பெரும்பாலும் முதல் வருடத்து விலை. பணம் கட்டுவதற்கு முன் ரினீவல் எவ்வளவு என்று பாருங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. பெயரை யார் மெயிலில் பதிவு செய்யப்போகிறார்கள்? வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட் துணி விற்கும் எங்கள் மாமா அதை வெப்சைட் செய்து கொடுத்த பையனிடமே விட்டுவிட்டார். பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான், ரினீவல் மெயிலெல்லாம் அவனுக்கே போனது, மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. டாட் காம் போன்றவற்றில் காலக்கெடு முடிந்து பெயர் ரத்தானாலும் 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு, அபராதம் பலமாக இருக்கும், அதையும் விட்டால் 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். மாமா தெரிந்துகொண்டபோது அதுவும் முடிந்திருந்தது. அந்த முகவரி அச்சடித்த கட்டைப்பைகள் இன்னும் பரண் மேல் மூட்டையாகக் கிடக்கின்றன, தீபாவளி நேரத்தில் ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டுகிறார்.

அதனால் தம்பி தளத்தைச் செய்யட்டும், பெயரை நீங்களே உங்கள் மெயில், உங்கள் போன் நம்பர் கொடுத்து, முடிந்தால் மூன்று நான்கு வருடத்துக்குச் சேர்த்து வாங்குங்கள். உறுதி மெயில் உங்கள் இன்பாக்ஸில் வந்த பிறகு ஸ்டிக்கர் அடிக்கக் கொடுங்கள்.