தில்லி வெயிலுக்கு விசிறி தாங்காதா?

கேள்வி: மயூர் விகாரில் மொட்டை மாடியை ஒட்டிய அறையில் குடியிருக்கிறேன், ஏ.சி. இல்லை. கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். 285 வாட் மின்சாரம் எடுக்கும் கிராபிக்ஸ் கார்டு (கணினியில் வீடியோ வேலையைக் கவனிக்கும் பாகம்) ஒன்று வாங்க நேரு பிளேஸ் கணினிச் சந்தைக்குப் போனேன். "தில்லி வெயிலுக்கு விசிறி தாங்காது, லிக்விட் கூலிங் மாடலை எடுங்கள்" என்கிறார் கடைக்காரர். விலை 20,000 ரூபாய் கூடுதல். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வெயிலைப் பற்றி அவர் சொல்வது சரி, மருந்துதான் தவறு.

லிக்விட் கூலிங்கில் ஒரு பம்பு குழாயில் ஓட்டும் திரவம், கார்டில் உள்ள சிப்பின் சூட்டை ரேடியேட்டர் என்ற தகடு அடுக்கு வரை சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். அங்கே அந்தச் சூட்டை வெளியேற்றுவதும் விசிறிதான். அது இழுப்பதும் உங்கள் அறைக் காற்றைத்தான். மே மாதத்தில் அறை 42 டிகிரி என்றால் திரவம் அதற்குக் கீழே இறங்காது. கார்டு எடுக்கும் 285 வாட்டும் எந்த வழியில் போனாலும் சூடாக உங்கள் அறையில்தான் வந்து சேரும். லிக்விட் மாடலில் சிப்பின் சூடு ஓரளவு குறையும், சத்தமும் குறையலாம். அதற்கு 20,000 ரூபாய் அதிகம். 575 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டையே அதன் தயாரிப்பு நிறுவனமான என்விடியா தன் சொந்த வடிவமைப்பில் இரண்டு விசிறிகளோடுதான் விற்கிறது.

தில்லியில் வெயிலைவிடத் தொல்லை தூசி. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளையும் அது விட்டுவைக்காது. விசிறி கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். பம்பு கெட்டால் பெரும்பாலும் கார்டையே சர்வீசுக்கு அனுப்பிவிட்டு, முகூர்த்த மாதத்தில் கை கட்டி உட்கார வேண்டியதுதான்.

மூன்று விசிறி மாடலை எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை, முன்பக்கம் வலையும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள கேபினெட்டில் (கணினிப் பெட்டியில்) போடுங்கள். கோடையில் மென்பொருள் வழியாக பவர் லிமிட்டை, அதாவது கார்டு எடுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பை, 80 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள்: வேகம் சற்றே குறையும், சூடு நன்றாகவே இறங்கும். காசில்லாத வழி என்பதால் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

கார்டின் விசிறியைக் கழற்றித் தாங்களே லிக்விட் பிளாக் (சிப்பின் மேல் உட்காரும், திரவம் ஓடும் உலோகத் துண்டு) மாட்டித் தருவதாகக் கடையில் சொன்னால் மறுத்துவிடுங்கள், வாரண்டி போய்விடக்கூடும். ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.