பினாயில் ஊற்றியும் அதே மூலைக்குப் போகும் நாய்க்குட்டி

கேள்வி: வீட்டில் மூன்று மாதச் சிப்பிப்பாறைக் குட்டி வளர்க்கிறோம். விதைநெல் மூட்டை அடுக்கிய அறையில், சிமெண்டுத் தரையின் ஒரே மூலையில் தினமும் சிறுநீர் போகிறது. சில நாள் மலமும் உண்டு. பினாயில் ஊற்றிக் கழுவினாலும் மறுநாள் அதே இடம்தான். மூக்கைப் பிடித்து அதில் தேய்த்தால் திருந்திவிடும் என்கிறார் மாமனார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து மூக்கைத் தேய்க்காதீர்கள். நடந்து முடிந்ததற்கு இப்போது அடி விழுகிறது என்று குட்டிக்குப் புரியாது. உங்கள் கண்ணெதிரே போனால் ஆபத்து என்பதை மட்டும் கற்றுக்கொண்டு, அடுத்த முறை மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து போகும். பெரியவரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த மூலையில் இன்னும் வாடை இருக்கிறது, அதனால்தான் குட்டி அங்கேயே போகிறது. பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். சிமெண்டுத் தரை சிறுநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நாய்க்கு அது தெரியும். ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் குட்டிக்குப் பினாயில் நஞ்சும்கூட. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

ஈரமாக இருக்கும்போதே பழைய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவி, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவிடுங்கள். வாடைக்குக் காரணமான பொருளையே அது சிதைத்துவிடும். கிடைக்காவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஐந்து நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவுங்கள். அமிலம் சிமெண்டை அரிக்கும் என்பதால் அதிக நேரம் விட வேண்டாம். பழைய கறை எங்கே என்று தெரியாவிட்டால், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். சிறுநீர் பட்ட இடம் மங்கலாக ஒளிரும்.

நனைந்த மூட்டையை உடனே பிரியுங்கள். ஈரம் பட்ட நெல் பூசணம் பிடிக்கும், முளைப்பும் போகும். அதை மனிதருக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். மற்ற மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். குட்டி பழகும்வரை அந்த அறைக் கதவு மூடியே இருக்கட்டும்.

அடுத்தது நேரம். மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சற்று நேரத்திலும், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்பும் வெளியே ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். சிறுநீரை ஒற்றிய துணியை அங்கே போட்டு வையுங்கள், வாடை வழிகாட்டும். போய் முடித்த அந்த நொடியே தட்டிக்கொடுத்து, வேகவைத்த முட்டையில் ஒரு துண்டு கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் பலனில்லை. சாப்பாட்டுத் தட்டை நாள் முழுக்க வைக்காமல் நேரத்துக்கு வைத்தால் மலம் போகும் நேரமும் ஒழுங்குக்கு வரும். ஆனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள். தரையை முகர்ந்து வட்டமடித்தால் உடனே தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள்.

மலத்தை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள். அதிலுள்ள உருண்டைப்புழு முட்டை நோய் பரப்பும் நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும் என்பதால், உடனே அள்ளினால் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. குடற்புழு மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் கொடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வரும். நெல் இருக்கும் வீட்டில் எலியும் இருக்கும். அதற்கான தடுப்பூசியை வெறிநோய் ஊசியோடு சேர்த்துக் கேட்டுப் போடுங்கள். சிறுநீரைத் துடைக்கும்போது கையுறை அவசியம்.

மாடு இருந்தால் இன்னொன்று. வைக்கோல் போரிலும் தீவனத் தொட்டியிலும் நாய் மலம் கழிக்க விடாதீர்கள். நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி அந்த வழியாக மாட்டுக்குப் போய்க் கருச்சிதைவை உண்டாக்கும். கன்று ஈன்றதும் விழும் நஞ்சுக்கொடியையும், செத்துப் பிறந்த கன்றையும் நாய்க்கு எட்டாமல் ஆழமாகப் புதையுங்கள்.

இதையெல்லாம் செய்தும் குட்டி சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ, முக்கினாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ, அது பழக்கக் கோளாறு அல்ல. சிறுநீர்ப்பையில் தொற்று இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.