பூனைக்குப் பாடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாய்க்குப் பழக்கலாம், சரி. பூனை நம் பேச்சைக் கேட்குமா?

பேச்சைக் கேட்காது, ஆனால் கற்றுக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-லேயே பசித்த பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து, வெளியே தீனி வைத்துச் சோதித்தார். கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். முதலில் தட்டுத் தடுமாறிய பூனைகள், போகப் போகச் சட்டென்று இழுத்துவிட்டு வெளியே வந்தன. பலன் கிடைத்த செயலைத் திரும்பச் செய்வது என்ற விதியே இப்படிப் பூனைகளிடம் பார்த்து எழுதப்பட்டதுதான்.

வெறும் பாராட்டுக்கு மசிகிற பூனை குறைவு. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வையுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், இரண்டு மூன்று நிமிடம் பழக்கினால் போதும். எழுந்து போனால் விட்டுவிடுங்கள்.

கிளிக்கர் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தமிட்டு, ‘இதைச் செய்ததற்குத்தான் தீனி’ என்று பூனைக்குக் குறிப்புக் காட்டும் சிறு கருவிதான் கிளிக்கர். அதற்குப் பால்பாயின்ட் பேனாவின் ‘டிக்’ போதும். முதலில் பூனை எதுவும் செய்ய வேண்டியதில்லை: டிக், உடனே ஒரு துண்டு. சத்தம் கேட்டதும் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கினால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் உட்காரப் பழக்கலாம். துண்டை மூக்குக்கு மேலே பிடித்து, மெதுவாகக் காதுகளுக்கு நடுவே பின்னால் கொண்டுபோங்கள். தலை நிமிரும், பின்பக்கம் தானாகத் தாழும். தரையைத் தொட்ட கணத்தில் டிக். எழுந்த பிறகு ‘டிக்’ அடித்தால், எழுந்ததற்குத்தான் தீனி என்று பூனை கணக்குப் போட்டுக்கொள்ளும்.

விடிகாலை நாலு மணிக்குக் கத்தி எழுப்புகிறது. திட்டியும் பார்த்தாயிற்று.

எழுந்து என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலான வீடுகளில் பதில் ஒன்றுதான்: “தொல்லை விட்டால் போதும் என்று கொஞ்சம் தீனி போடுவேன்.” அப்படியானால் உங்களைப் பழக்கியது பூனை.

நிறுத்தலாம். ஆனால் தீனி நின்றதும் முதலில் கத்தல் கூடும். இதை எதிர்பார்த்தே தொடங்குங்கள். ஐந்தாம் நாள் தாங்காமல் எழுந்து போட்டீர்களானால், விடாமல் கத்தினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். நிலைமை முன்பைவிட மோசம். வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். பாட்டி பாவம் பார்த்து ஒருநாள் போட்டால் எல்லாம் வீண்.

கூடவே, தூங்கப் போகுமுன் இறகு கட்டிய குச்சியால் மூச்சு வாங்க ஓடவிட்டு, அதன்பின் இரவுச் சாப்பாட்டைக் கொடுங்கள். வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்பதுதான் அதன் இயல்பான வரிசை. குறித்த நேரத்தில் திறக்கும் தீனிப் பெட்டியும் உதவும். பூனை உங்களை விட்டுவிட்டுப் பெட்டியின் முன் காத்திருக்கும். வயதான பூனை புதிதாக இரவில் கத்தினால் மட்டும் இதெல்லாம் வேண்டாம். தைராய்டு, ரத்த அழுத்தம் போன்றவற்றை முதலில் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

சோபாவைப் பிறாண்டும்போது தண்ணீர் அடிக்கலாமா?

கூடாது. உங்களைக் கண்டால் ஓடும், நீங்கள் இல்லாதபோது பிறாண்டும். ஆடாத ஒரு மரத்தூணில் கயிறு சுற்றி, சோபாவை ஒட்டியே வையுங்கள். பூனை பின்னங்காலில் நின்று முழுதாக நீட்டும் உயரம் வேண்டும். கடைகளில் விற்கும் குட்டைத் தூண்கள் பெரும்பாலும் காசுக்குக் கேடு. தூணில் நகம் வைத்ததும் தீனி.

கடுவன் பூனை. மணல் தட்டில் அடிக்கடி போய் உட்காருகிறது, சிறுநீர் வருவதில்லை. எப்படிப் பழக்குவது?

பழக்க வேண்டாம். இன்றே, இப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

மருத்துவரிடம் கொண்டுபோகும் கூடையைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது.

ஊசி போடும் நாளில் மட்டும் கூடை வெளியே வந்தால் அப்படித்தான். பரண்மேல் வைக்காமல், கூடையின் கதவைக் கழற்றி, உள்ளே பழைய துணி விரித்துக் கூடத்தில் வையுங்கள். தீனித் தட்டைச் சில நாள் கூடைக்குப் பக்கத்தில், பிறகு அதன் வாசலில், பிறகு உள்ளே. தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்ததும் கதவை மாட்டி, ஒரு நொடி சாத்தித் திறந்து தீனி. பிறகு அரை நிமிடம், தூக்கிக்கொண்டு ஒரு சுற்று, மாடிப்படி வரை. நடுவில் பயந்தால் முந்தின படிக்குத் திரும்புங்கள். சில வாரம் ஆகும். அடுத்த ஊசி பதினைந்து நாளில் என்றால் இன்றே கூடையை இறக்குங்கள்.