நண்பன் வீட்டு ஷெட்டில் நிற்கப்போகும் வண்டி

கேள்வி: எனக்கு வயது 42. கோவையில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், என் அம்மா என்று அளவான குடும்பம். 20 ஆண்டுகளாக புல்லட் ஓட்டுகிறேன். கன்னியாகுமரி, ஹம்பி, கோவா என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை. தார்ச்சாலை அலுத்துவிட்டது. இனி மண் பாதை, ஓடை, மலைத்தடம் என்று ஓட்ட ஆசை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எடுப்பதா, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210 எடுப்பதா, கவாஸாகி கே.எல்.எக்ஸ். 230 எடுப்பதா என்று மூன்று மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். என் உயரம் 5 அடி 6 அங்குலம். டாப்ஸ்லிப், வால்பாறை பக்கம் விடியற்காலையில் தனியாகப் போய்வரத் திட்டம். பணம் தயாராக இருக்கிறது. வண்டியை நண்பன் வீட்டு ஷெட்டில் நிறுத்திக்கொள்வேன், அதனால் இடப் பிரச்சினையும் இல்லை. எந்த வண்டி என்று மட்டும் சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: எந்த வண்டி என்று மட்டும் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன், தம்பி. அதற்கு முன்னால் அந்த ஷெட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இத்தனை காலமாக உங்கள் புல்லட் எங்கே நிற்கிறது? உங்கள் வீட்டு வாசலில்தானே? அதன் பக்கத்தில் இன்னொரு வண்டியை நிறுத்த மூன்றடி போதும். மழையில் நனையும் என்றால் ஒரு தார்ப்பாய் போதும். அப்படியிருக்க நண்பன் வீட்டு ஷெட் எதற்கு? இடம் இருக்கிறதா என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை. நீங்களாகவே அதற்கு ஒரு பதிலை எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். மனைவி என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது, வீட்டில் எத்தனை பேர் என்று கணக்குச் சொல்லும்போது. அவரிடம் சொன்னேன், வேண்டாம் என்றார் என்று ஒரு வரி இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீங்கள் சொல்லவே இல்லை. சொல்லப்போவதும் இல்லை.

இந்தப் பகுதிக்கு இப்படி எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. மனைவிக்குத் தெரியாமல் சீட்டுப் போட்டவர், கணவருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்தவர், அண்ணனுக்குத் தெரியாமல் நிலம் வாங்கியவர். அவற்றில் பெரும்பாலும் காசு போகும், சில நாள் வீட்டில் பேச்சு நிற்கும், பிறகு சரியாகிவிடும். மண்ணில் ஓட்டுகிற வண்டியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. காரணம், நீங்கள் விழப்போகிறீர்கள்.

ஒருமுறைகூட விழுந்ததில்லை என்பது தார்ச்சாலையில் பெருமைதான். மண்ணில் முதல் மாதத்திலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும். சாலையில் நெடுங்காலம் ஓட்டியவருக்கு அந்தப் பழக்கமே அங்கே எதிரியாகிறது. வழுக்கினால் ஆபத்து என்று உங்கள் உடம்பு 20 ஆண்டுகளாகக் கற்றுவைத்திருக்கிறது. மண்ணில் வண்டி வழுக்கிக்கொண்டேதான் போகும். சரளையில் முன்சக்கரம் லேசாக அலைந்ததும் நீங்கள் ஹேண்டில்பாரை இறுகப் பிடிப்பீர்கள், ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுவீர்கள், முன் பிரேக்கை அழுத்துவீர்கள். மூன்றும் தவறு. பாரமெல்லாம் முன்சக்கரத்தில் இறங்கி, சக்கரம் மணலில் புதைந்து, வண்டி படுத்துவிடும். அங்கே எழுந்து நின்று ஓட்டப் பழக வேண்டும். பாதம் ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, முழங்கால் டேங்கை அணைத்து, முழங்கை வெளியே மடங்கி, பிடி தளர்ந்திருக்க வேண்டும். காலுக்குக் கீழே வண்டி தன் போக்கில் ஆடும். நீங்கள் சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்க வேண்டும். இது கைவரப் பல மாதம் ஆகும். அத்தனை மாதமும் விழுவீர்கள். பெரும்பாலும் நடைவேகத்தில் விழுவதால் சிராய்ப்போடு போய்விடும். என்றைக்கோ ஒரு நாள் அப்படிப் போகாது.

என் பெரியப்பா மகனுக்கு அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அவர் தாராபுரத்தில் இருக்கிறார். பழைய வண்டி ஒன்றை வாங்கி, பட்டறை வைத்திருந்த நண்பரிடம் விட்டுவைத்திருந்தார். நடக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு விடியற்காலையில் கிளம்புவார். அன்றைக்குத் தண்ணீரில்லாத ஓடை ஒன்றில் இறங்கும்போது வண்டி சாய்ந்து காலின்மேல் விழுந்துவிட்டது. தோளருகே காறை எலும்பு முறிந்து, சூடான சைலன்சர் கெண்டைக்காலைப் பொசுக்க, எழ முடியாமல் கிடந்தார். ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் வண்டியைப் புரட்டித் தள்ளிவிட்டு, சட்டைப் பையிலிருந்த சீட்டில் வீட்டு எண்ணைப் பார்த்துத் தன் போனிலிருந்து அழைத்தார். அண்ணி அப்போது தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார். கிரைண்டரை நிறுத்திவிட்டு, மாவு ஒட்டிய கையோடு போனை எடுத்தார். "அம்மா, உங்கள் வீட்டுக்காரர் சிவப்பு வண்டியோடு ஓடையில் விழுந்து கிடக்கிறார்" என்றிருக்கிறார் பெரியவர். "எங்கள் வீட்டில் சிவப்பு வண்டி எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் நடக்கப் போயிருக்கிறார். தவறான எண்ணுக்குப் பேசுகிறீர்கள், ஐயா" என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்துவிட்டார். திரும்பிப் போய் மாவை வழித்து எடுத்தார். அடுத்த அழைப்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

எலும்பு கூடிவிட்டது. கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத் தழும்பு இருக்கிறது. அண்ணன் செய்ததை அண்ணி மன்னித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். தன்னைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. இன்றைக்கும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அவருக்குக் கை நடுங்குகிறது. "நான்தானே போனை வைத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பொய் சொன்னவர் அவர் இல்லை. ஆனால் அதைச் சுமப்பவர் அவர்தான். தம்பி, உங்கள் மனைவியின் கையில் அப்படி ஒரு போனைக் கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

வண்டி வாங்கும்போது காப்பீட்டுப் படிவத்தை நீட்டுவார்கள். உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய்க்கு. ஏற்கெனவே அப்படி ஒரு காப்பீடு இல்லாதவருக்கு அது கட்டாயம். அதில் நாமினி பெயர் எழுத ஒரு கட்டம் இருக்கும். யார் பெயரை எழுதுவீர்கள்? அப்படி ஒரு வண்டி இருப்பதே தெரியாத மனைவியின் பெயரையா? ஆர்.சி.யும் இப்போது விரைவு அஞ்சலில் வீட்டு முகவரிக்குத்தான் வருகிறது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு அதை வாங்கப்போவது உங்கள் அம்மாவாக இருக்கலாம். அந்த வயதில் அவரை எதற்கு இந்த நாடகத்தில் இழுக்கிறீர்கள்?

என் சம்பளம், என் ஆசை, இதற்கு நான் அனுமதி வாங்க வேண்டுமா என்று உங்களுக்குக் கோபம் வரும். ஆசைப்படுவதை நான் குறை சொல்லவில்லை. 42 வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றுவது நல்ல விஷயம். ஆனால் குடும்பஸ்தனின் உடம்பு அவனுக்கு மட்டும் சொந்தமானது என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதை நம்பி உங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள். மகளுக்கு இது பொதுத்தேர்வு ஆண்டு. அப்பா காலில் மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தால் யார் வேலைக்கு விடுப்புப் போடுவார்கள், யார் உங்களைக் குளியலறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவார்கள்? அந்த வேலையெல்லாம் செய்யப்போகிறவரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்வது கடமை. அவர் வேண்டாம் என்பார் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். உங்களைக் கோவாவுக்கும் ஹம்பிக்கும் அனுப்பிவிட்டு, வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் காத்திருந்தவர் அவர். அவரைப் பற்றி இவ்வளவு குறைவாக நினைக்காதீர்கள்.

வண்டிக்கு வருகிறேன். ஹிமாலயன் 450-இன் எடை 196 கிலோ. எக்ஸ்பல்ஸ் 210 அதைவிட 28 கிலோ குறைவு, 168 கிலோ. 28 கிலோ என்றால் கடையில் வாங்கும் 26 கிலோ அரிசி மூட்டையைவிட அதிகம். புல்லட்டும் கனமான வண்டிதானே, அதையே 20 ஆண்டுகளாகச் சமாளிக்கிறேனே என்பீர்கள். நிற்கிற வண்டியைத் தள்ளுவது வேறு. சேற்றில் படுத்துக் கிடக்கிற வண்டியை, கால் வழுக்க, ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிய, ஒரே காலையில் ஐந்தாவது முறையாகத் தூக்குவது வேறு. சோர்ந்துபோன ஆள்தான் அடுத்த விழுகையில் எலும்பை முறித்துக்கொள்கிறார். முதல் வண்டிக்கு எடைதான் முதல் கணக்கு. குதிரைத்திறனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் 139 கிலோ உள்ள கே.எல்.எக்ஸ். 230-ஐ எடுக்கலாமே என்று கேட்பீர்கள். அதன் சீட் உயரம் 880 மில்லிமீட்டர். உங்கள் உயரத்துக்குக் கால் நுனிதான் தரையைத் தொடும். மேட்டில் வண்டி நின்றுவிட்டால் ஊன்றக் கால் எட்டாமல் பள்ளத்துப் பக்கமாகச் சாய்வீர்கள். பழகியவருக்கு அது அருமையான வண்டி. இரண்டு ஆண்டு கழித்து யோசியுங்கள். ஹிமாலயன் 450, நானூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போய் அதன் பிறகு மண்ணில் இறங்குகிறவருக்கு ஏற்றது. நெடுஞ்சாலைக்கு உங்களிடம் புல்லட் இருக்கிறது.

நீங்கள் வாங்க வேண்டியது, உங்கள் பட்டியலிலேயே இல்லாத வண்டி. ஒருவர் ஓட்டிய எக்ஸ்பல்ஸ் 200, அதிலும் நான்கு வால்வு உள்ளது. எடை 160 கிலோவுக்குள். சீட் உயரம் 825 மில்லிமீட்டர், ஒரு காலை நன்றாக ஊன்றலாம். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18. மண்ணுக்கு அதுதான் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். முன்சக்கரத்துக்கு மட்டும் என்பதால் பின்சக்கரத்தைப் பூட்டி, வழுக்கவிட்டு, அது எப்படி இருக்கிறது என்று உடம்பால் தெரிந்துகொள்ளலாம். கிளட்ச் லீவர் உடைந்தால் உள்ளூரிலேயே கிடைக்கும். புது வண்டியின் பளபளப்பு போய்விடுமே என்று பயந்து ஓட்டுகிறவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. வாங்கும் முன் முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்காவது தடைபட்டு நின்றால் பேரிங் போய்விட்டது. ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ரிம்மில் நெளிவு, தளர்ந்த ஆரக்கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வண்டியைப் புல்தரையில் படுக்கவைத்து மூன்று முறை தூக்குங்கள். மூன்றாவது முறை மூச்சு வாங்கினால் அதைவிடக் கனமான வண்டியை நினைக்கவே வேண்டாம்.

புது வண்டி வாங்காமல் மிச்சமாகும் பணத்தில் கணுக்காலை மூடும் பூட்ஸ், முழங்கால் கவசம், முழங்கை கவசம், மார்புக் கவசம் வாங்குங்கள். இவை இல்லாமல் அந்த வண்டியில் ஏறவே கூடாது.

டாப்ஸ்லிப் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே உங்களைத் தனியாகத் திட்ட வேண்டும். அது ஆனைமலைப் புலிகள் காப்பகம். அங்கே அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். விடியற்காலையில் யானை நடக்கிற தடத்தில் சைலன்சர் சத்தத்தோடு போக நமக்கு என்ன வேலை? வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பாதைகளும் ஒருவருக்குச் சொந்தமானவை. ஊர்ப்பக்கம் தெரிந்தவரின் தரிசு நிலத்தில், கேட்டுக்கொண்டு, பகலில் பழகுங்கள்.

தனியாகப் போவதும் கூடாது. மண்ணிலும் மணலிலும் பல நாள் ஓடும் டக்கார் பந்தயத்தை 2015-இல் முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ். 2021 ஜனவரியில் சவுதி அரேபியாவில் அதே பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டது. ஹெலிகாப்டரில் ரியாத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வண்டியும் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். அவ்வளவு தேர்ந்தவருக்கே அது தேவைப்பட்டது. அவர் கோலார் பக்கம் பிக்ராக் என்று ஒரு பயிற்சித் தளம் தொடங்கினார். அப்படி ஓர் இடத்தில் இரண்டு நாள் கற்றுக்கொண்டு வாருங்கள். நீங்களாக விழுந்து கற்கும் ஆறு மாதத்தை அது மிச்சப்படுத்தும். அதன் பிறகும் குறைந்தது இன்னொரு வண்டியோடு போங்கள். எந்த ஊர், எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் திரும்புவேன், திரும்பவில்லையென்றால் யாரை அழைப்பது என்று எழுதி வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தத் தாளை யார் கையில் கொடுப்பீர்கள்? ஷெட் வைத்திருக்கும் நண்பனிடமா?

இன்றைக்கு இரவு மகள் படிக்க உட்கார்ந்த பிறகு மனைவியிடம் பேசுங்கள். விழுவேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். தேர்வு முடியட்டும், ஏப்ரலில் வாங்கலாம் என்றால் ஏப்ரலில் வாங்குங்கள். வண்டி பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள், வண்டியின் நிறமும் எண்ணும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். வாங்கியதும் நேராக வீட்டுக்கு ஓட்டி வாருங்கள். புல்லட்டைச் சுவரோரமாகக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் அந்த மூன்றடி கிடைத்துவிடும்.