யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் ஒரு பேய்வீடு இருப்பது ஏன்?

பேய்வீடு என்றால், ஆளில்லாமல் பூட்டிக் கிடந்து, இரவில் சத்தம் கேட்கிறது என்று ஊரார் கதைக்கும் வீடு. முனி, கொத்தி என்று ஊருக்கேற்றபடி பேயின் பெயர் மாறும், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் இப்படி வீடுகள் அதிகம். 1995 அக்டோபர் 30இல், போர் நேரம், யாழ் நகரும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த வலிகாமம் கிட்டத்தட்ட முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. திரும்பி வராதவர்களும், கனடா, லண்டன் என்று போனவர்களும் விட்ட வளவுகளில் பற்றை மண்டிவிட்டது.

சரி, சத்தம்? பகல் வெயிலில் பழைய வீட்டின் பனைமரச் சலாகையும் ஓடும் சூடேறும். இரவில் ஆறும்போது சுருங்கி 'டக்' என்று முறியும் சத்தம் வரும். ஓடி வந்து நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சைலன்சர் சூடு ஆறும்போது 'டிக் டிக்' என்கிறதே, அதே சங்கதிதான். முகட்டில் மரநாய் ஓடினால் ஆள் நடப்பது போலவே கேட்கும். காய்ந்த பனையோலை உரசும் சத்தத்தை நடுச்சாமத்தில் தனியே கேட்டால் எனக்கும் கொஞ்சம் உதறும்தான்.

பேய் இருப்பதால்தான் அங்கே யாரும் குடியேறவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் முதலில் வந்தது பூட்டு. காணி உறுதிப் பத்திரத்தில் பங்குள்ள சகோதரங்கள் நாலு நாட்டில் இருப்பார்கள், கையெழுத்து ஒன்றுசேராது.